ஒரு சாண் பின்னால்

முதல் தடவை
கார் நகரும் முன்பே சொதப்பினேன்.
பானட்டைத் திறந்து நிறுத்தியிருந்தார்கள்.
இது கறுப்பெண்ணெய், இது பிரேக் எண்ணெய்,
இது தண்ணீர், இது பேட்டரி என்று
விரலால் தொட்டுத் தொட்டு வந்தவள்
கடைசி மூடியின் பெயர் மறந்து
"இதுவும் நல்லா இருக்கு, துவான்" என்றேன்.
சிரித்தார். சிரித்தபடியே எழுதினார்.
பிறகு பெல்ட் போடாமல் கியர் போட்டேன்.
அதற்கு அவர் சிரிக்கவில்லை.

இரண்டாம் தடவை கம்பம்.
பிளாஸ்டிக் கம்பம்தான், சிவப்பும் வெள்ளையும்.
பின்பக்கம் லேசாக உரசியது.
கண்ணாடியை இறக்கி
"மாப்" என்றேன் கம்பத்திடம்.
பக்கத்துக் காரிலிருந்த சீனப் பையன்
தன் தேர்வையே மறந்து என்னைப் பார்த்தான்.
அவனும் விழுந்தான் அன்றைக்கு.

மூன்றாவது, மேடு.
மஞ்சள் கோட்டுக்குள் நிறுத்தி
ஹேண்ட்பிரேக்கை இழுத்து
கிளச்சை மெல்ல, மெல்ல விடவேண்டும்.
கார் நடுங்கும், அதுவரை காத்திரு என்பான்
சொல்லிக்கொடுக்கும் அஸ்ருல், இருபத்தாறு வயது.
நடுக்கம் வந்தது.
எனக்கா காருக்கா என்று
விசாரிக்க நேரமில்லை. விட்டேன்.
ஒரு சாண்.
ஒரே ஒரு சாண் பின்னால் போனது.
சாணுக்கும் முழத்துக்கும் ஒரே மார்க்குதான் அங்கே.

"இன்னும் எத்தனை தடவை காசு கட்டுவ?"
பழ லோரி ஓட்டுகிறவர் கேட்கிறார்.
ஒற்றைக் கை ஸ்டியரிங், மறு கையில் தே பொட்டலம்.
சிக்னல் போட்டுப் பார்த்ததே இல்லை நான்.
இன்று அவரைத் தேர்வுக்கு அனுப்பினால்
கேட்டைக்கூடத் தாண்டமாட்டார்.
சொல்லவில்லை. குழம்பில் உப்பு பார்த்தேன்.
கையுறைத் தொழிற்சாலை பஸ்
எஸ்டேட்டுக்குள் வருவதை நிறுத்தி எட்டு மாதம்.
இரவு ஷிப்டுக்கு என்னோடு இரண்டு பேர் வரக் காத்திருக்கிறார்கள்,
வாங்காத காரில் முன் சீட்டுக்கு
இப்போதே சண்டை.

என் பெரிய தப்பு வேறு.
அது எந்தத் தாளிலும் இல்லை.
இருபது வருடம் கப்சாய் மோட்டோரில் போனவள் நான்.
பின்னால் ஹார்ன் கேட்டால்
கேட்டவர் யார் என்று பார்க்காமல்
புல்லுக்குள் இறங்கிவிடும் கை.
காரிலும் அப்படியே.
இடது சக்கரம் இரண்டும் தார் ரோட்டில் இருந்ததே கிடையாது.
"காக், ரோட்டுக்கு வாங்க" என்பான் அஸ்ருல்
விருந்துக்குக் கூப்பிடுவதுபோல்.

நாலாவது தடவை, பகாவ், புதன்கிழமை, காலை பத்தரை.
"பட்மா லிலா ஏ பி ஆடிமூலம்!"
என் பெயரும் அப்பா பெயரும் இரண்டு இடத்தில் உடைந்து வந்தன.
எழுந்து போனேன்.
மேடு நல்லபடி. கம்பங்கள் தப்பித்தன.
ரோட்டில், புவான் ரொஹானா பக்கத்தில்.
கண்ணாடி பார்த்தேன், பார்த்தது தெரியும்படி
தலையையும் திருப்பினேன்.
செம்பனை வரிசை முடியும் சந்தியில்
எஞ்சின் செத்தது.

பின்னால் பழ லோரி.
கண்ணாடி முழுக்க அதன் பம்பர்.
அடித்தான் ஹார்ன், மூன்று முறை,
குலைகளே அதிர்ந்திருக்கும்.
இடது கை புல்லைத் தேடியது.
வாய் "மாப்" என்று பாதி திறந்தது.
புவான் பேனா மூடியைக் கழற்றினார்.

நியூட்ரல்.
சாவி.
ஒன்றாம் கியர்.
ரோடு நடுவிலேயே, அவசரப்படாமல்.
அவன் இன்னொரு முறை அடித்தான்.
அடிக்கட்டும்.
அவனும் எங்கோ யாருக்கோ
உப்பு பார்க்கப்படும் வீட்டுக்காரன்தான்.

திரும்பி வந்து நிறுத்தினோம்.
எஞ்சின் நின்றதற்கு மார்க்கு போயிருந்தது.
மற்றபடி, லூலுஸ்.
அந்த ஒரு சொல்லை
தாளில் இரண்டு தடவை பார்த்தேன்.
கதவைத் திறந்து
பெரிய மனுஷி மாதிரி இறங்கப் போனவளை
பெல்ட் பிடித்து இழுத்தது,
ஒரு சாண் பின்னால்.

புவான் தாளை வாங்கவில்லை.
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
தோள் மட்டும் குலுங்கியது.